ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளாத புதன்கிழமைகள்

குடியை விடுவதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. குடியை விட்ட பத்துப் பேரோடு உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வருவதுதான் உயிரை வாங்கியது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் புதன்கிழமை மாலைகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மரப்பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. சட்டப்படி ஒரு சொட்டு கிடைக்கக் கூடாது. ஆனால் எங்கள் பிளாட்பாரத்திலிருந்து கிளம்பும் பாண்டிச்சேரி வண்டியில் ஏறிவிட்டால் இறங்குகிற இடத்தில் வேறு சட்டம். பத்து வருஷம் அந்த வண்டியில் போய் வந்தவன் நான். ஒரு நாள் பட்டப்பகலில் பார்சல் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிப்போய், யாரோ மேஜையைத் தட்ட, கண் விழித்தால் எதிரே மேலதிகாரி. சஸ்பெண்ட் ஆனேன்.

அந்த வாரம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தவர் லோகோ ஷெட்டைச் சேர்ந்த ஒரு எஞ்சின் டிரைவர். எனக்கு முன்பே குடித்துக் கெட்டு, எனக்கு முன்பே நிறுத்தியவர். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குடியை விட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து விழுப்புரத்திலும் ஒன்றை ஆரம்பித்திருந்தார். டாக்டர் கிடையாது, சாமியார் கிடையாது, உபதேசம் கிடையாது. குடித்தவன் குடித்தவனிடம் பேசுவான். பெயர் சொல்ல வேண்டாம், வேலையைச் சொல்ல வேண்டாம். அவ்வளவுதான். அது எனக்குப் பிடித்தது. வேலையும் திரும்பக் கிடைத்தது, நானும் புதன்கிழமை தவறாமல் போனேன்.

எங்களில் ஒருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். கடைசி பேட்ச் மாணவர்கள் போனதும் மெஷின்களுக்கு உறை போட்டு மூடி ஓரமாக நகர்த்துவார், பெஞ்சையும் நாற்காலிகளையும் இரண்டு வரிசையாகப் போடுவோம். அவரவர் கதையைப் பேசுகிற வரைக்கும் அந்தக் கூட்டத்தைப் போல நிம்மதியான இடம் ஊரில் கிடையாது. ஏதாவது ஒன்றை முடிவு செய்ய வேண்டும் என்று வந்துவிட்டால் போச்சு. ஜன்னலைத் திறக்கலாமா மூடலாமா என்பதற்கு ஒரு மணி நேரம். தெருச்சத்தம் கேட்கிறது, மூடுங்கள் என்பார் சைக்கிள் கடைக்காரர். மூச்சு முட்டுகிறது, திறந்துவிடுங்கள் என்பார் இன்னொருவர். கை தூக்கச் சொல்லுங்கள், எண்ணுங்கள், முடியுங்கள் என்று நான் கத்துவேன்.

டிரைவர் தலையை ஆட்டுவார். "எண்ணி முடிச்சிட்டா தோத்தவன் மனசுல வெச்சிக்கினு போவான் சார். வெச்சிக்கினு போனான்னா நேரா எங்க போவான்? நமக்கெல்லாம் தெரிஞ்ச எடம்தான். கொஞ்சம் கேப்போம்."

"ஜன்னலுக்குமா கேக்கணும்?"

"ஜன்னலுக்கே கேக்கலைன்னா பெருசுக்கு எப்படிக் கேப்போம்?"

இப்படியே பேசுவார். எதிர்த்துப் பேசவும் முடியாது, ஏற்றுக்கொள்ளவும் முடியாது. எல்லாருக்கும் முழுச் சம்மதம் இல்லாவிட்டாலும், சரி, இதோடு நான் இருந்துகொள்கிறேன் என்று கடைசி ஆளும் சொல்லும் வரை விடக் கூடாது என்பது அவர் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த வழக்கம். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது. நாற்காலி போடுகிறவர்கூட மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும்.

திண்டிவனத்திலும் இதே மாதிரி ஒரு கூட்டம் கிளம்பியபோது புதிய தலைவலி வந்தது. அங்கிருந்து யாராவது விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் யார் போய்ப் பார்ப்பது, டிரைவர் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த, குடியை விடுவது பற்றிய புத்தகத்தின் ஒரே ஒரு தமிழ்ப் பிரதியை யார் எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று சின்னச் சின்னச் சிக்கல்கள். அதனால் ஊருக்கு ஒரு பிரதிநிதி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சந்தித்துப் பேசுவது என்று ஏற்பாடாயிற்று. ஒரு வருஷம்தான் பதவி. பிரதிநிதி தன் ஊர்க் கூட்டம் சொன்னதைப் போய்ச் சொல்ல வேண்டும், அங்கே கேட்டதை வந்து சொல்ல வேண்டும். புதிதாக ஒன்று வந்தால் ஊருக்குத் திரும்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில்.

விழுப்புரத்துக்கு யார்? டைப் அடிக்கும் காகிதத்தைக் கிழித்துச் சீட்டு எழுதினோம். மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒருவரையே எழுத வேண்டும் என்பது விதி. மூன்று முறை எழுதியும் சைக்கிள் கடைக்காரருக்கும் எனக்கும் ஏறக்குறைய சரிபாதி. கடைசியில் இரண்டு சீட்டை ஒரு மெஷின் உறைக்குள் போட்டுக் குலுக்கினார்கள். என் சீட்டு வந்தது. என் தகுதிக்காக ஒன்றும் வரவில்லை, குலுக்கலில் வந்தது. சைக்கிள் கடைக்காரர் அதை ஒரு வருஷமும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

சந்திப்பது எங்கே என்பதற்கு மட்டும் இரண்டு மாதம் போயிற்று. திண்டிவனத்துக்குப் போனால் அவர்களுக்குக் கீழே என்று ஆகிவிடுமாம். அவர்கள் இங்கே வந்தால் நாங்கள் மேலே என்று ஆகிவிடுமாம். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் மயிலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்து பெஞ்சு என்று தீர்மானமாயிற்று. கிருத்திகை நாட்களில் முருகன் கோயில் கூட்டம் இருக்குமே, கிருத்திகையாக இருந்தால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு புதன்கிழமை பேசினார்கள். நான் எழுந்து வெளியே போய்ச் சோடா குடித்துவிட்டு வந்தேன்.

திண்டிவனம் அனுப்பிய பிரதிநிதி ஒரு பெண். கருவாடு விற்கிறவர். ஐம்பது வயதிருக்கும். புருஷனும் அவரும் சேர்ந்து குடித்தவர்கள். கள்ளச்சாராயத்தில் புருஷன் போனபிறகு இவர் தட்டுத்தடுமாறி அந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். முதல் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, திண்டிவனத்தார் இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நான் பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தேன்.

"விழுப்புரமா? குந்து தம்பி. நான்தான் திண்டிவனம்" என்றார்.

ரயில்வே குமாஸ்தாவை யாரும் ஒருமையில் கூப்பிடாத காலம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் பேச்சில் கெட்டிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. தன் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், யார் ஒத்துக்கொண்டார்கள், யார் முனகினார்கள் என்று வரிசையாக ஒப்பிப்பார். நான் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டும் பாதியை மறந்துவிடுவேன்.

மூன்றாவது சந்திப்பில் அவர்தான் அந்த விஷயத்தைக் கொண்டுவந்தார். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த ஒரு பெரிய மனிதர் இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு மனம் உருகிப்போயிருக்கிறார். அவர் குடித்தவரே இல்லை. மண்டியை ஒட்டிய ஒரு கட்டடத்தை இரண்டு ஊருக்கும் பொதுவாகக் கொடுக்கிறேன், விளக்கு, விசிறி, பெஞ்சு எல்லாம் போட்டுத் தருகிறேன் என்கிறார். ஒரே ஒரு ஆசை. திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரியை அழைப்பார். திருந்தியவர்களின் பெயர்களை எல்லாம் ஒரு ரிஜிஸ்டரில் எழுதி, மேடையில் வாசித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு போர்த்துவார்.

"எங்க ஆளுங்க பாதிப்பேருக்கு ஆசையாத்தான் இருக்குது. பாதிப்பேரு, விழுப்புரத்துல அத்தினி பேரும் சரின்னா நாங்களும் சரின்றாங்க. நீ போய்க் கேட்டுக்கினு வா" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். டைப்ரைட்டிங் மெஷின்களுக்கு நடுவில் இரவல் இடத்தில் உட்காரும் எங்களுக்கு நிரந்தரமாக ஒரு கட்டடம். பெயர் வாசித்தால் என்ன? ஊருக்கே தெரிந்த குடிகாரர்கள்தானே நாங்கள்? நான் குடித்தது தெரியாத போர்ட்டர் ஒருவன் உண்டா?

புதன்கிழமை வைத்தேன். இரண்டு பேர் தயங்கினார்கள், பேசினோம், ஒப்புக்கொண்டார்கள். அரை மணியில் பத்துப் பேர் சரி என்றார்கள். எங்கள் சரித்திரத்திலேயே இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. டிரைவர் வழக்கம்போலக் கடைசியாகக் கேட்டார்.

"பின்னால இருக்கிறவரு? நீங்க இன்னா சொல்றீங்க?"

பின்னால் இருந்தவர் வந்து எட்டு மாதம் இருக்கும். நெடிய ஆள், ஒட்ட வெட்டிய தலை, நாற்காலியில் முதுகு படாமல் உட்காருவார். புதன்கிழமை திண்டிவனம் பக்கத்திலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்கி, கூட்டம் முடிந்ததும் அடுத்த வண்டியில் திரும்பிப் போவார். குடித்ததைப் பற்றி இரண்டொரு வாக்கியம் பேசியிருக்கிறாரே தவிர என்ன வேலை, எந்தத் தெரு என்று சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

"எனக்கு வேணாங்க" என்றார்.

"ஏன்?" என்றேன்.

"மனசு ஒப்பலைங்க."

"காரணம் சொன்னாத்தானே பேச முடியும்?"

"காரணம் இல்லைங்க. வேணாம்."

அடுத்த வாரம் பார்ப்போம் என்றார் டிரைவர். அடுத்த வாரமும் அவர் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும். சைக்கிள் கடைக்காரர் எடுத்துச் சொன்னார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர், தனக்கும் இந்த மெஷின்களை நகர்த்தி நகர்த்தி முதுகு போய்விட்டது என்று கெஞ்சிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு வேணாங்க. நீங்க எல்லாரும் பண்ணிக்கினா நான் ஒண்ணும் சொல்லலை. என்னைக் கேட்டா வேணாம்" என்றார்.

"அப்படின்னா பண்ணிக்கலாமே!" என்று நான் எழுந்தேன்.

"அவரு ஒண்ணும் சொல்லலைன்றது வேற, இதோட இருந்துக்கறேன்றது வேற" என்றார் டிரைவர். "ரெண்டாவதை அவரு இன்னும் சொல்லலை."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான்காவது புதன்கிழமை நேரடியாகவே கேட்டுவிட்டேன். "நீங்க திண்டிவனம் பக்கத்து ஆளு. அங்கேயே ஒரு கூட்டம் இருக்குது. அதை உட்டுட்டு ரயில் ஏறி இங்க வந்து எங்க காரியத்துக்குக் குறுக்கால நிக்கிறீங்களே, இது இன்னா நியாயம்?"

அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர் எழுந்து மெஷின்களைப் பழைய இடத்துக்கு நகர்த்த ஆரம்பித்தார். அன்றைக்குச் சீக்கிரமே கூட்டம் முடிந்தது.

வீட்டில் போய் மனைவியிடம் கொட்டினேன். "பத்துப் பேர் ஒரு பக்கம், ஒரே ஒரு ஆள் ஒரு பக்கம். நாலு வாரம். பேஜாரு!" என்றேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நாலு வாரம் பத்துப் பேரு குந்திப் பேசினதுக்கே இப்படிக் குதிக்கிறீங்க. இந்த வீட்ல நீங்க ஒண்டியா முடிவு பண்ணிக்கினு போனதுக்கு நான் பத்து வருஷம் வாயைத் தொறக்கலை" என்றாள். நான் எழுந்து வாசல் திண்ணைக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மயிலம் போனேன். வெயில். கருவாட்டுக்காரம்மா எனக்கு முன்பே வந்திருந்தார்.

"இன்னா தம்பி, ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

"அத்தினி பேருமா?"

இந்த இடத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். எத்தனையோ வருஷம் கழிந்த பின்னும் அந்த பெஞ்சும் அவர் கேட்ட விதமும் அப்படியே இருக்கின்றன. "அத்தினி பேரும்" என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இது உன் வாயா, உங்க ஊரு வாயா?" என்றார்.

"என்னம்மா கேள்வி இது? எங்க ஊருதான் என்னை அனுப்பியிருக்குது."

"சரி. நீ சொன்னா சரி" என்று எழுந்துகொண்டார். வண்டி வந்தது.

இரண்டு வாரம் எங்கள் கூட்டத்தில் நான் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலை நடந்து முடிந்தபிறகு தெரிந்தால் எல்லாரும் நன்றிதான் சொல்வார்கள் என்று கணக்குப் போட்டேன். பின்வரிசைக்காரர் முதல் வாரம் வந்தார், வழக்கம்போல உட்கார்ந்தார், போனார். இரண்டாவது வாரம் வரவில்லை. எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. நாசமாய்ப் போன நிம்மதி.

அடுத்த திங்கட்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். பார்சல் ஆபீஸ் வாசலில் வெற்றிலைக்கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த பாசஞ்சரிலிருந்து ஒரு போலீஸ்காரர் இறங்கினார். காக்கி நிஜார், தலையில் சிவப்புத் தொப்பி. கையில் விலங்கு மாட்டிய ஒரு கைதியைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார். கடலூர் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. கைதியை என் ஆபீஸ் சுவரோரம் நிழலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த நெடிய உடம்பு, அந்த முதுகு. பின்வரிசைக்காரர்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே இரண்டடி முன்னால் வந்தார். நான் பத்து வருஷம் சுமந்த வாடை அது. எனக்குத் தப்புமா? சாராய நெடி.

"காரணம் கேட்டுக்கினே இருந்தீங்களே சார்" என்றார் மெதுவாக. சட்டைப் பித்தானை விரலால் தொட்டார். "இதான் காரணம்."

கையிலிருந்த கணக்குச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நாலு வருஷம் பாண்டிச்சேரி எல்லையில செக்போஸ்ட்டு டூட்டி. பஸ்ஸை நிறுத்தி பாட்டிலைப் புடிக்கிற வேலை. புடிச்சதுல பாதி என் வயித்துல. திண்டிவனத்துல என்னைத் தெரியாதவன் கெடையாது, அதனாலதான் ரயிலேறி உங்ககிட்ட வந்தேன். இன்னா வேலைன்னு கேக்காத ஒரே எடம் அது. எட்டு மாசம் தொடலை சார்."

"இப்ப எப்படி..."

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸு ஒட்டிக்கீறாங்க. பாக்கலையா? விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு ஊரு ஆளுங்க பேரும் மேடையில வாசிக்கப்படும்னு. அதிகாரி தலைமையில. எனக்கு அவருதான் மேல்அதிகாரிக்கு மேல்அதிகாரி. பேரு குடுக்காம நான் ஒதுங்கினாலும், விட்டுப்போன ஆளு யாருன்னு தேடுவாங்க." கைதியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நீங்க பத்துப் பேரும் சேர்ந்து முடிச்சிட்டீங்கன்னு நெனைச்சேன். அன்னைக்கே குடிச்சேன்."

சுவரோரம் இருந்த கைதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். சாராயம் காய்ச்சியதற்காக உள்ளே போகிறவன் என்று பிறகு தெரிந்தது.

பத்துப் பேர் முடிக்கவில்லை, நான் ஒருவன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கடலூர் வண்டி வந்துவிட்டது. அவர் கைதியைத் தட்டி எழுப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்டிவனத்துக்கு வண்டி ஏறினேன். வழியெல்லாம் எனக்குக் கோபம். அந்த ஆள்மேல் கோபம், ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று. டிரைவர்மேல் கோபம், அவர் பேச்சு சரியாகிப் போனதால். மயிலம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அந்த பெஞ்சைப் பார்க்கப் பிடிக்காமல் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தேன்.

கருவாட்டுக்காரம்மா மார்க்கெட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் நெத்திலியும் வாளையும் கூறுகட்டி வைத்திருந்தது. ஒரு பெண் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் போகும் வரை காத்திருந்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யிம்மா. ஒருத்தர் ஒத்துக்கலை."

அவர் ஈ ஓட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும். உன் மொகத்துலயே எழுதியிருந்துச்சு. கேட்டேன், நீ ஊரு வாயின்னு சொன்னே. அப்புறம் நான் இன்னா செய்ய முடியும்? உன் ஊரை நான் சந்தேகப்பட முடியுமா?"

"எனக்குப் பொறுமை இல்லாமப் போச்சு."

"பொறுமை இல்லாதவன் இன்னாத்துக்கு ஊருக்கு வாயா வந்தே? வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல? நான் என் ஆளுங்க கிட்ட போய் நின்னு, விழுப்புரத்துல ஒருத்தர் விடாம சரின்னுட்டாங்கன்னு சத்தியமாச் சொல்லிக்கீறேன். உன் பொய்யி இப்ப என் வாயில கீது." குரல் உயரவில்லை. அதுதான் தாங்கவில்லை. "அந்த ஆளு இன்னா ஆனான்?"

"குடிச்சிட்டாரு."

அவர் எழுந்தார். பக்கத்துக் கடைக்காரியிடம் கருவாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வா, ஜல்தி" என்று முன்னால் நடந்தார்.

மண்டியில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். பெரிய மனிதர் எங்களை உட்காரச் சொன்னார். அந்த அம்மா நின்றுகொண்டே பேசினார்.

"கட்டடமும் வேணாங்க, விழாவும் வேணாங்க. மன்னிச்சுக்குங்க. எங்ககிட்டதான் தப்பு. எல்லாரும் ஒத்துக்காம ஒத்துக்கினோம்னு சொல்லிட்டோம்."

"எத்தனை பேர் ஒத்துக்கலை?"

"ஒருத்தரு."

"ஒருத்தனா?" அவர் என் பக்கம் திரும்பினார். படித்தவன் மாதிரி தெரிந்தேன் போலிருக்கிறது. "ஒருத்தனுக்காகவா சார்? நோட்டீஸ் அடிச்சாச்சு. பந்தல்காரன் வந்துட்டான். யாருங்க அந்த ஆளு?"

"யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார் அந்த அம்மா. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. என்னிடம் அவர் கேட்கவே இல்லை.

"உங்க தலைவர் யாரு? அவரைக் கூப்பிடுங்க. நான் பேசிக்கிறேன்."

"தலைவரு யாரும் கெடையாதுங்க."

"தலைவர் இல்லாம ஒரு சங்கமா? அப்ப யார்தான் முடிவு பண்றது?"

"எல்லாரும் சேந்துதாங்க."

அவர் இரண்டு கையையும் மேஜையில் தட்டினார். "இப்படி இருந்தா எதுய்யா உருப்படும்?" என்று கத்தினார். மாதக்கணக்கில் நான் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. அவர்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. நல்ல மனிதர். யாரையும் காட்டிக்கொடுக்க நினைத்தவர் இல்லை. துண்டு போர்த்த வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் அசையவில்லை. பந்தல் வேறு எதற்கோ பயன்பட்டது. அந்தக் கட்டடத்தில் பிறகு பஜனை நடந்ததாகக் கேள்வி.

திண்டிவனம் கூட்டத்தில் இதனால் பெரிய ரகளை. நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை. அதற்கும் நான்தான் காரணம். இதை மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை எங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்ன வேலை என்பதை மட்டும் சொல்லவில்லை. மயிலத்தில் பொய் சொன்னேன், அந்தப் பொய்யால் ஒருவர் குடித்துவிட்டார், பிரதிநிதி வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அதை ஏற்பார்கள், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று எதிர்பார்த்தேன்.

ஏற்பதா வேண்டாமா என்று விவாதம் ஆரம்பித்தார்கள்.

"இவரை உடனே மாத்தணும். அன்னைக்கே என் சீட்டு வந்திருந்தா இந்தக் கதி வந்திருக்காது" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"ஓடிப்போறதுக்கு நாமளே வழி பண்ணித் தரக் கூடாது. வருஷம் முடியிற வரைக்கும் இவரே போகட்டும். போய் அந்தம்மா மொகத்தைப் பாக்கட்டும்" என்றார் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர்.

என்னை வைத்துக்கொண்டே, என் காது கேட்க, இரண்டு மணி நேரம். டிரைவர் ஒவ்வொருவராகக் கேட்டார். எட்டுப் பேர் நான் தொடரட்டும் என்றார்கள். சைக்கிள் கடைக்காரர் மட்டும் கூடாது என்றார். எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். "சரி. எனக்குப் பிடிக்கலை. ஆனா இதோட இருந்துக்கறேன். மயிலம் போறப்ப எல்லாம் இவரு நோட்டைக் கொண்டாந்து முதல்ல நம்ம முன்னால படிக்கணும். திரும்பி வந்தும் படிக்கணும்" என்றார். அதுவும் தீர்மானமாயிற்று. மீதி ஏழு மாதமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நோட்டைப் படித்துக் காட்டினேன்.

பின்வரிசைக்காரரைத் தேடிப் போகலாமா என்று டிரைவரைத் தனியாகக் கேட்டேன். எங்கே பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. "நீங்க போனா அவரு எடத்துல நாலு பேரு யாருன்னு கேப்பாங்க. வேணாம். ரயில் வந்துக்கினுதானே இருக்குது" என்றார். அதற்குப்பின் ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் பாசஞ்சர் வரும் நேரத்துக்கு நான் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். அவர் இறங்கவில்லை. வேறு யாராவது நெடிய ஆள் இறங்கினால் எரிச்சலாக வரும்.

ஏழாவது வாரம் அவர் வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை. என்னைத் தாண்டி நடந்தவர் நின்று, "கூட்டம் அங்கதானே சார்?" என்றார்.

"அங்கதான்" என்றேன். வாசல் வரை இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். படியேறும்போது, "பத்துப் பேரு முடிவு பண்ணலைங்க. நான் ஒருத்தன்தான். நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். விழா நின்னுபோச்சுன்னு கேட்டதும் புரிஞ்சிக்கினேன்" என்றார். "எனக்காகத்தான் நின்னுச்சா?"

"ஆமா."

அவர் செருப்பைக் கழற்றிப் படியோரமாக வைத்தார். உள்ளே போனதும் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்தபோது, "பதினோரு நாளாச்சுங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் அதற்கு முந்தைய எட்டு மாதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர் மேலும் ஒன்றரை வருஷம் வந்தார். அந்த ஒன்றரை வருஷத்தில் பெரிய விஷயம் எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுக்குக்காப்பி வேண்டுமா டீ வேண்டுமா என்று வந்தபோது, டீ ஒத்துக்கொள்ளாது என்று மூன்று வாரம் இழுத்தடித்தார். ஒவ்வொரு வாரமும் நான் வெளியே போய்ச் சோடா குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். காட்பாடி வண்டிக்கு மாறுவதற்காகக் குடும்பத்தோடு விழுப்புரத்தில் இறங்கினார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அவருடைய கட்டில், டிரங்குப் பெட்டி, அம்மி எல்லாம் பார்சலில் வந்து இறங்கின, வண்டி மாற்றி ஏற்றுவது என் வேலை. ஒவ்வொன்றிலும் அட்டையில் பெயர் எழுதிக் கட்டியிருந்தது. அப்போதுதான் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது. எங்கள் கூட்டத்தில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

கட்டிலைப் பார்த்தால் கயிறு தொளதொளவென்று கிடந்தது. கால் ஒன்று பாதி கழன்று தொங்கியது. "இப்படிக் கட்டினா போய்ச் சேருமா? யாருங்க கட்டினது?" என்றேன்.

"நான்தான். நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இல்லை. அவுத்துக் கட்டணும்."

"அவுக்க வேணாம் சார். போற வரைக்கும் தாங்கும்."

"தாங்காது."

"தாங்கும்ங்க."

வண்டிக்கு இருபது நிமிஷம் இருந்தது. அவர் மனைவி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். நான் ஆபீஸிலிருந்து புதுக் கயிறு எடுத்துவந்தேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கத்தில் முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டினேன்.